கஞ்சித்தொட்டியும் குடும்ப அட்டையும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் தொடக்கத்தில் ஒரு காலை. துடியலூரில் எங்கள் பகுதி நியாயவிலைக் கடையின் முன்னால் சுண்ணாம்பினால் வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. வட்டத்துக்கு ஒருவராக நின்றுகொண்டிருந்தோம். மேட்டுப்பாளையம் சாலையில் வாகன இரைச்சல் இல்லை. அந்தச் சாலையில் குயில் கூவுவதை முதன்முறையாக அன்றுதான் கேட்டேன். எனக்கு முன்வட்டத்தில் நின்ற மூதாட்டி, முகத்தில் கட்டியிருந்த சேலைத் தலைப்பை விலக்காமலே, "அட்டை இருக்குது கண்ணு, பயமில்லே" என்றார். அவர் கையில் டோக்கன் இருந்தது. அதற்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கிடைக்கும்.

அந்த மூதாட்டியின் சொல் வெகு நாட்கள் என்னை விட்டுப் போகவில்லை. நோய் பற்றிய அச்சத்துக்கு அவர் சொன்ன மறுமொழி மருந்தன்று, மருத்துவமனையன்று, ஓர் அட்டை. கொள்ளை நோய்க்காலத்தில் அரசு ஊரை அடைத்தால், அன்றாடக் கூலியை நம்பி வாழ்கிறவருக்குச் சோறு போடும் கடமை யாருடையது? இக்கேள்விக்கு நம் நாட்டில் விடை எழுத நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடையும் நோயைப் பற்றிய சட்டத்தில் எழுதப்படவில்லை, வேறோரிடத்தில் எழுதப்பட்டது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல முனைவது.

*

கொங்குநாட்டில் முதியவர்கள் 'தாது வருசத்துப் பஞ்சம்' என்று சொல்லக் கேட்டிருப்போம். 1876இல் இரு பருவமழைகளும் பொய்த்ததில் தொடங்கி 1878 வரை நீண்ட பெரும் பஞ்சம் அது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எனத் தென்னகம் முழுவதும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகின்றனர். கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 17.6 இலட்சம்; பத்தாண்டு கழித்து 1881இல் எண்ணியபோது சுமார் 16.6 இலட்சம். பெருகியிருக்க வேண்டிய எண்ணிக்கை ஓர் இலட்சம் குறைந்துபோயிருந்தது.

மாண்டவர்கள் எல்லோரும் பட்டினியால் மட்டும் சாகவில்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பஞ்சத்தின் பின்னாலேயே வந்தன. இளைத்த உடலில் நோய் எளிதில் குடிபுகுந்தது. கூட்டமாக மக்களைக் குவித்த நிவாரண முகாம்கள் நோய்க்கு வாசலாயின. கிராமத்தில் எவரும் பசியையும் நோயையும் இருவேறு துறைகளாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அவற்றைப் பிரித்தது பின்னாளில் வந்த அரசாங்கக் கோப்பு.

இரயில் பாதை அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1873இல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை துடியலூர் வழியாகப் போடப்பட்டுவிட்டது. தானியம் கொண்டுவர வழி இருந்தது. ஆனால் தானியம் விலை கொடுப்பவரைத் தேடித்தான் இரயிலில் பயணம் செய்யும். பஞ்சத்தில் முதலில் இல்லாமல் போவது பெரும்பாலும் தானியமன்று. அதை வாங்கும் கூலி. காடு காய்ந்தால் களையெடுப்பும் அறுப்பும் இல்லை. அறுப்பு இல்லையென்றால் நெசவாளரிடம் துணி வாங்க ஆளில்லை. கூலி நின்ற வீட்டுக்கு அரிசி வண்டி எத்தனை கடந்து போனாலும் பயனில்லை. ஊரடங்குக் காலத்தில் நாம் கண்டதும் இதையேதான். 2020இல் கிடங்குகளில் தானியம் நிரம்பியிருந்தது, கூலிதான் நின்றுபோனது.

அன்றைய அரசு என்ன செய்தது? வேலை கொடுத்தது, வேலை செய்ய இயலாதவர்க்குக் கஞ்சி ஊற்றியது. கஞ்சித்தொட்டி என்ற சொல் நம் பேச்சில் இன்றுவரை தங்கியிருக்கக் காரணம் இத்தகைய பஞ்சங்களே. அந்த ஏற்பாட்டைக் கண்காணிக்க 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் பிரபுவால் அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாகக் கொடுத்து, சாவுகள் மிகக் குறைவாகவே நிகழும்படி காத்தவர் இதே டெம்பிள்தான். அதற்காக அவர் பெற்றது பாராட்டன்று, வீண்செலவு செய்தார் என்ற பழி. பழி சுமந்த மனிதர் தென்னகத்துக்கு வரும்போது வேறு மனிதராக வந்தார். உடலுழைப்புக்கான நாட்கூலியை ஓர் ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் மேற்செலவுக்குச் சிறு காசும் என்று குறைத்தார். 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுவே.

இதை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையரான மருத்துவர் கார்னிஷ். கல்லுடைக்கும் உடலுக்கு ஒரு பவுண்டு போதாது, குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதாடினார். ஓர் உடல் உயிரோடிருக்க எவ்வளவு தேவை என்னும் கேள்வியை அரசுக் கோப்பில் அவ்வளவு வெளிப்படையாக எழுப்பியவர்கள் அக்காலத்தில் மிகச் சிலர். மாகாண அரசு பின்னர் ஒன்றேகால் பவுண்டு தானியமும் சிறிது பருப்பும் எனப் பாதி வழி இறங்கி வந்தது. அந்தப் பாதி வழிக்கு இடைப்பட்ட மாதங்களில் போன உயிர்கள் திரும்பவில்லை.

டெம்பிளின் கணக்குக்குப் பின்னால் இருந்தது ஓர் ஐயம். ஏழை ஏமாற்றுவான் என்ற ஐயம். எளிதில் கிடைத்தால் தேவையற்றவனும் வந்து நிற்பான்; ஆகவே உதவியைக் கசப்பாக்க வேண்டும்; வேலையைக் கடினமாக்கு, கூலியைக் குறை, வேலையிடத்தை வீட்டிலிருந்து தொலைவில் வை; அப்போது உண்மையிலேயே சாகப்போகிறவன் மட்டும் வருவான். இதற்குச் 'சோதனை' என்றே பெயர் வைத்திருந்தனர். தன் ஏழ்மையைத் தன் உடலால் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியவனாக ஏழை ஆக்கப்பட்டான். மெய்ப்பித்து முடிக்கும்போது பலரிடம் உடல் மிஞ்சவில்லை.

*

பஞ்சம் ஓய்ந்தபின் ரிச்சர்ட் ஸ்டிராச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதன் வழியே 1883 முதல் மாகாணங்களுக்குப் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. விலை ஏறுகிறதா, மக்கள் ஊர்விட்டு ஊர் அலைகிறார்களா, களவு பெருகுகிறதா என முன்குறிகளைக் கவனிப்பது. பஞ்சம் உறுதியானால் வேலைகளைத் திறப்பது. முதியோர், நோயாளிகள், வெளியே வர இயலாத பெண்கள் ஆகியோரைக் கிராம அதிகாரிகளைக் கொண்டு பட்டியலிட்டு இலவச உதவி தருவது என்று அவை வகுத்துச் சொல்லின. நெசவாளர் போன்றவர்களை அவரவர் தொழிலிலேயே தாங்கவும் வழி சொல்லப்பட்டது. குறைகள் பல இருப்பினும், பட்டினிச் சாவைத் தடுப்பது அரசின் பொறுப்பு என்பது முதன்முறையாக விதியாக எழுதப்பட்டது அங்கேதான்.

அடுத்த பேரிடர் வேறு உருவில் வந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. மறு ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம். பயணிகளைச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம், தேவையெனத் தோன்றும் எந்த ஒழுங்குமுறையையும் விதிக்கலாம், மீறியவரைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அதிகாரிமீது வழக்குத் தொடுக்க இயலாது. சுருக்கமாக இவ்வளவே. செலவை யார் ஏற்பது என்று அரசு தீர்மானிக்கலாம் எனச் சொல்லுமிடத்தில், அடைப்புக்குறிக்குள், இழப்பீடு ஏதேனும் இருந்தால் அதுவும் உட்பட என்றொரு தொடர் வருகிறது. வேலை இழந்தவனைக் குறித்து அந்தச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறது என்றால் அந்த அடைப்புக்குறிதான்.

1897இல் நாட்டின் பல பகுதிகளில் பஞ்சமும் நடந்துகொண்டிருந்தது. பஞ்சப் பகுதியில் விதித்தொகுப்பின்படி வேலையும் கூலியும் கொடுக்கப்பட்டன. பிளேக் பகுதியில் வீடுகள் சோதனையிடப்பட்டன. புனேயில் அந்தச் சோதனைகளின் கொடுமை, பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்படுவதில் போய் முடிந்தது. ஒரே அரசு, ஒரே ஆண்டு. ஆனால் பசிக்கு ஒரு கோப்பு, நோய்க்கு ஒரு கோப்பு. பசியின் கோப்பில் கடமை எழுதப்பட்டிருந்தது. நோயின் கோப்பில் அதிகாரம் மட்டும் எழுதப்பட்டிருந்தது.

இந்தப் பிரிவினையின் சுவட்டைக் கோவையில் இன்றும் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் பிளேக் இந்நகரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூரை ஓட்டைப் பிரித்து வெயில் விடுவார்கள். மக்கள் ஊருக்கு வெளியே காடுகளில் குடிசை போட்டுத் தங்கினர். நெரிசல் மிகுந்த பழைய நகரத்துக்கு மேற்கே விரிந்த ஆர்.எஸ். புரம், அக்காலத்தில் நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கியது. அகலமான நேர்த்தெருக்கள் கொண்ட அந்தக் குடியிருப்பு உருவானதில் பிளேக் அச்சத்துக்கும் பங்குண்டு என்பர். மனை வாங்க வசதி உடையவர்க்கு நோய் ஒரு புதிய நகரத்தைத் தந்தது. வசதியற்றவர்க்குத் தந்தது ஒரு புதிய தெய்வத்தை. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. வீட்டைவிட்டு வெளியேறு என்று சொல்ல அரசுக்கு அதிகாரம் இருந்தது; வெளியேறியவன் அன்றிரவு என்ன உண்பான் எனக் கேட்கச் சட்டப்படி கடமை இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் மாரியம்மன் அமர்ந்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2021இல் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைக்கப்பட்டபோது நகைத்தவர்கள் பலர். நூறாண்டுக்கு முந்தைய தனிமையின் வழக்கம் அது என்று நினைத்தால் நகைப்பு வராது.

*

இனி இக்கதையில் எதிர்பாராத ஒரு திருப்பம். கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887இல் தொகுத்தளித்தவர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி. தாது வருடப் பஞ்சம் முடிந்து பத்தாண்டுகள்கூட ஆகாத மாவட்டத்தின் நிலத்தையும் கிணறுகளையும் பயிர்களையும் குடியானவர்களையும் ஊர் ஊராக அறிந்து எழுதிய நூல் அது. கொங்கு வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் எழுத இயலாது. அதே நிக்கல்சனிடம், குடியானவனைக் கடனிலிருந்து மீட்க வேளாண் வங்கிகள் அமைக்க இயலுமா என்று ஆராயும் பணியைச் சென்னை அரசு பின்னர் ஒப்படைத்தது. 1895இலும் 1897இலும் அவர் இரு தொகுதிகளாகத் தந்த அறிக்கையின் சாரம், நமக்கு ஒரு ரைஃபைசன் வேண்டும் என்பதே.

ரைஃபைசன் யார்? ஜெர்மனியில் வையர்புஷ் என்னும் சிற்றூரின் நிர்வாகத் தலைவராக இருந்தவர். 1846-47ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் விளைச்சல் பொய்த்து ஊர் பட்டினியில் கிடந்தது. வசதியுள்ளவர்களைச் சேர்த்துப் பணம் திரட்டி, தானியம் வாங்கி, ஊருக்குப் பொதுவாக அடுப்பு அமைத்து, ரொட்டி சுட்டு, கையில் காசில்லாதவர்க்குக் கடனாகக் கொடுத்தார். அந்த ரொட்டிச் சங்கம்தான் அவருடைய கூட்டுறவு முயற்சிகளுக்கு முதற்படி. ஆக, கூட்டுறவு என்னும் எண்ணமே ஒரு பட்டினிக் காலத்தின் பிள்ளை. கோயம்புத்தூர்க் கையேட்டை எழுதிய கை அதைத் தென்னகத்துக்கு அழைத்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் ஊன்றிய விதை கொங்கு மண்ணில் எவ்வாறு கிளைத்தது என்பதற்குத் துடியலூரே சான்று. துடியலூர்க் கூட்டுறவு வேளாண்மைச் சேவைச் சங்கத்தை, அதாவது 'டியூகாஸ்' என்று எல்லோரும் அழைக்கும் நிறுவனத்தை, சுற்றுவட்டார உழவர் எவரும் அறியாமலிருக்க மாட்டார். கடனும் உரமும் விதையும் வாங்கப் பழகிய இத்தகைய சங்கங்களின் தோளில்தான், தமிழ்நாடு முழுவதும், பிறகு வேறொரு சுமையும் ஏற்றப்பட்டது. அது ரேஷன் கடை.

ரேஷன் என்ற சொல் போரோடு வந்தது. இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் கோரத்தாண்டவம் ஆடியது. அந்த ஆண்டு முதல் சென்னை மாகாண நகரங்களில் பங்கீட்டு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஏழைகளுக்கு இரங்கி வந்த ஏற்பாடன்று அது. ஆலைகள் ஓடவேண்டும், போருக்குத் துணி வேண்டும், ஆலைத் தொழிலாளி பசித்திருக்கக் கூடாது என்பதே கணக்கு. என்றாலும் அதில் ஒரு புதுமை இருந்தது. டெம்பிள் காலத்தில் மனிதன் பசியை மெய்ப்பிக்க வேண்டும். பங்கீட்டில் அவன் அந்த ஊரில் வாழ்கிறான் என்பதே போதும். தலையை எண்ணினார்கள்; தகுதியை எண்ணவில்லை.

1952இல் இராஜாஜி முதலமைச்சரானபோது அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கினார். அறுபதுகளில் உணவுத் தட்டுப்பாடு மீண்டும் தலைதூக்கியது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தை முதலில் தொடங்கியது சென்னையிலும் கோவையிலும்தான். ஆலைத் தொழிலாளர் நிறைந்த இரு நகரங்கள். நிதிச்சுமை தாளாமல் அத்திட்டம் விரிவடையவில்லை; ஆனால் குறைந்த விலையில் அரிசி தருவது அரசின் வேலை என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே எனக் குடும்பங்களைப் பிரிக்கச் சொன்னபோது, பெரும்பாலான மாநிலங்கள் பிரித்தன, தமிழ்நாடு பிரிக்கவில்லை. விரும்பியவர் எல்லோருக்கும் அரிசி அட்டை என்ற கொள்கை நின்றது. 2011 முதல் அந்த அரிசி விலையில்லாமலே கிடைக்கலாயிற்று.

எல்லோருக்கும் எதற்கு, தேவைப்பட்டவர்க்கு மட்டும் கொடுத்தால் என்ன என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்கான விடையை நான் 2020 ஏப்ரலில் அந்தச் சுண்ணாம்பு வட்டத்தில் நின்றுதான் விளங்கிக்கொண்டேன்.

*

2020 மார்ச் மாதத்தில் தமிழக அரசு நோய்த்தடுப்பு ஒழுங்குமுறைகளைப் பிறப்பித்தது. எந்தச் சட்டத்தின் கீழ்? அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். பிளேக்குக்காக வெட்டிய வாளை எடுத்துத் துடைத்துக்கொண்டோம். மார்ச் 24ஆம் நாள் சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் பழனிசாமி ரூ. 3,280 கோடிக்கான உதவிகளை அறிவித்தார். அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 1,000, அதோடு விலையில்லாப் பொருட்கள். ஏப்ரல் 2ஆம் நாள் வழங்கல் தொடங்கிவிட்டது. அறிவிப்புக்கும் வழங்கலுக்கும் இடையே பத்து நாட்கள்கூட இல்லை.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் முன்பே இருந்தன. சுமார் 35,000 கடைகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திவந்தன. கடையில் பணம் எண்ணிக் கொடுக்கும் பழக்கமும் இருந்தது. 2019, 2020 ஆகிய இரு பொங்கல்களுக்கும் கரும்போடும் அரிசியோடும் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பழகிய கைகள் அவை. தேர்தல் தந்திரம் என்று நாம் பலரும் கேலிசெய்த பொங்கல் பரிசு, அறியாமலே ஓர் ஒத்திகையாக அமைந்துவிட்டது. ஏழை யார் என்று அப்போதுதான் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தால், விண்ணப்பமும் சான்றிதழும் விசாரணையும் முடிவதற்குள் முதல் அலையே முடிந்திருக்கும்.

மறு ஆண்டு இரண்டாம் அலை. 2021 மே 7 அன்று பொறுப்பேற்ற முதலமைச்சர் ஸ்டாலின், அட்டைக்கு ரூ. 4,000 இரு தவணைகளில் வழங்கும் ஆணையில் முதல் நாளே கையெழுத்திட்டார். சுமார் 2.07 கோடிக் குடும்பங்கள். மே மாதத்தில் முதல் ரூ. 2,000, ஜூனில் இரண்டாவது ரூ. 2,000, அதோடு 14 வகை மளிகைப் பொருட்கள். அந்த மே மாத இறுதியில்தான் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையும் முந்தியது. எங்கள் தெருவில் சாவு விழாத வீடுகளை எண்ணுவது எளிதாக இருந்த நாட்கள். சுடுகாட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த ஊரில், ரேஷன் கடை ஒன்றுதான் நாள் தவறாமல் திறந்திருந்தது போல இப்போது நினைவில் நிற்கிறது.

மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆயிரம் ரூபாய் ஒரு மாதத்தை ஓட்டாது. ஒருவர் மட்டும் உள்ள அட்டைக்கும் ஆறு பேர் உள்ள அட்டைக்கும் ஒரே தொகை. ஓர் உடலுக்கு எவ்வளவு தேவை என்று கார்னிஷ் 1877இல் கேட்ட கேள்வியை 2020இல் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மத்திய அரசு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் கூடுதலாக அறிவித்தது. அது மட்டுமே தலைக்கணக்கில் அமைந்தது. வீட்டு வாடகை, கந்துவட்டி, தனியார் மருத்துவமனைக் கட்டணம் இவற்றுக்கெல்லாம் அந்த ஆயிரம் எம்மட்டு? எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மூதாட்டி கல்லுடைத்துக் காட்டித் தன் ஏழ்மையை மெய்ப்பிக்கவில்லை. தலை குனிந்து எவர் முன்னும் நிற்கவில்லை. தன்னுடையதை வாங்கிக்கொள்வது போல வாங்கிக்கொண்டு போனார். கஞ்சித்தொட்டிக்கும் அட்டைக்கும் இடையேயுள்ள தொலைவு அது.

*

ஆனால் அட்டை இல்லாதவர்?

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் லைன் வீடுகள் உண்டு. துடியலூரைச் சுற்றியுள்ள பவுண்டரிகளிலும் பம்புசெட் பட்டறைகளிலும் வேலை செய்யும் வெளிமாநில இளைஞர்கள் ஓர் அறைக்கு ஆறேழு பேராக அங்கே தங்கியிருந்தனர். பட்டறைகள் மூடிய இரண்டாம் வாரத்தில் அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, தமக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களைக் கூட்டி, "அண்ணா, எனக்கும் அட்டை இருக்கு, ஊர்ல, அம்மாகிட்ட" என்றார். ஒடிசாவில் ஒரு கிராமத்தில் அவர் பெயர் ஓர் அட்டையில் இருந்தது. பெயர் அங்கே, வயிறு இங்கே. வெளிமாநிலத் தொழிலாளருக்கு 15 கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் எண்ணெயும் தருவதாக அரசு அறிவித்திருந்தது. ஆனால் அட்டைக்காரருக்கு இருந்த பட்டியல் இவர்களுக்கு இல்லை. யார், எங்கே, எத்தனை பேர் என்று புதிதாக எழுதத் தொடங்க வேண்டியிருந்தது. எழுதி முடியும்வரை பசி காத்திருக்கவில்லை. அக்கம்பக்கத்து வீட்டார் தம் ரேஷன் அரிசியில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுத்தனர். முன்பு சொன்ன மூதாட்டியும் அவர்களில் ஒருவர். மே மாதத்தில் சிறப்பு இரயில்கள் விடப்பட்டபோது அந்த இளைஞர்கள் போய்விட்டனர்.

திருநங்கையரின் நிலையும் இதுவே. குடும்பம் விலக்கியவர்க்குக் குடும்ப அட்டை எப்படி வரும்? 2021இல் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனபின்பே, அட்டை இல்லாத திருநங்கையருக்கும் ரூ. 2,000 வழங்க அரசு முன்வந்தது. அட்டை என்பது சோதனையை நீக்கியது உண்மை. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு சோதனை ஒளிந்திருந்தது. உனக்கு ஊர் உண்டா, குடும்பம் உண்டா, கதவிலக்கம் உண்டா என்ற சோதனை.

தமிழ்நாடு 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தது. 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களும் அதை நிறைவேற்றக் கெடு விதித்தது. ஒடிசாவின் அட்டைக்குத் துடியலூரில் அரிசி வாங்க இப்போது வழி இருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் மாநில எல்லை கடந்து செல்வது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தானியம் மட்டுமே. 2021இல் தரப்பட்டது போன்ற ரொக்கமும் மளிகையும் நாளை மீண்டும் தரப்பட்டால், அவை இந்த ஊர் அட்டைக்கு மட்டும்தான்.

கொள்ளைநோய்ச் சட்டமும் 2020இல் திருத்தப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை சேர்க்கப்பட்டது. தேவையான திருத்தம். ஆனால் அடைக்கப்பட்ட ஊரில் கூலி இழந்தவரைப் பற்றி அப்போதும் ஒரு வரி சேர்க்கப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் குறைந்தபட்ச நிவாரணம் பற்றிப் பேசுகிறது. அதன்படி இறந்தவர் குடும்பங்களுக்குத் தொகை வழங்கவும் உச்சநீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. நோயின் கோப்பும் பசியின் கோப்பும் இன்றும் தனித்தனியே இருக்கின்றன. இடையே ஒரு பாலமாக ரேஷன் கடை தற்செயலாக அமைந்தது. வேறொரு காலத்தில், வேறொரு காரணத்துக்காகக் கட்டிய பாலம். அதை எல்லோரும் நடக்கும்படி அகலப்படுத்துவதும் சட்டத்தில் எழுதிவைப்பதும் அடுத்த நோய் வருமுன் செய்யவேண்டிய வேலை.

துடியலூரை அடுத்த வடமதுரையில் விருந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. பசியோடு இவ்வழி வந்த சுந்தரருக்கு இறைவனே விருந்து படைத்தான் என்பது தலபுராணம். முருங்கைக்கீரையும் சோறும் என்று ஊரில் சொல்வார்கள். ஊரடங்கு தளர்ந்து கோயில் திறந்தபோது அங்கே போயிருந்தேன். சுந்தரர் இந்த ஊர்க்காரர் அல்லர் என்பது அன்றுதான் என் நினைவில் உறைத்தது. வழிப்போக்கராக வந்தவர். லைன் வீட்டில் ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த அறை நினைவுக்கு வந்தது. அந்த இளைஞர்களில் இருவர் பின்னர் திரும்பி வந்தனர். மற்றவர்களைப் பற்றிச் செய்தி இல்லை.